மாமா எரித்த முடிவு

கம்பஞ்சோறு அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை தெருவரைக்கும் வந்துவிட்டது. ஆறுமுகத்தாய் மட்டும் அடுப்படிப் படியில் உட்கார்ந்து புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் முங்கிக் கிடந்தாள். தாய்மாமன் உச்சிமாகாளி எதிரே வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“சோத்தைக் கரியாக்கிட்டு இங்கன என்னட்டி படிப்பு வேண்டிக் கெடக்கு? பொட்டப்புள்ளைக்கு இது ஒரு கேடா?” என்று புத்தகத்தைப் பிடுங்கினார்.

“மாமா, மாமா! அது என்னுது இல்ல. மார்த்தாள் பள்ளிக்கூடத்துல இருந்து வாங்கிக் குடுத்தது.”

அவர் கேட்கவில்லை. எரிகிற அடுப்பிலேயே அதைத் திணித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஆறுமுகத்தாயின் தகப்பன் கொழும்புக்குப் போனவன், திரும்பவில்லை. தாய் பங்குனியில் காய்ச்சலில் போய்விட்டாள். சங்கரன்கோவிலின் கிழக்குக் கடைசியில் இருந்த மாமன் வீட்டுக்கு வந்தவள் யாரோடும் பேசவில்லை, அழவும் இல்லை. அடுத்த தெரு மார்த்தாள், மிஷன் பள்ளியில் படிப்பவள், ஒருநாள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண், தாயையும் இழந்து, தோணியில் போன அண்ணனுக்காகத் துறைமுகத்தில் காத்து நிற்கிற கதை. அதைப் படித்த அன்றுதான் ஆறுமுகத்தாய் வாய்விட்டு அழுதாள். மறுநாள் தலைவாரிப் பின்னிக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இனி மார்த்தாளுக்குப் பள்ளியில் புத்தகம் தருவார்களா? இவளுக்குத்தான் இனி எது துணை?

மறுநாள் நடுப்பகலில், எல்லோரும் காட்டு வேலைக்குப் போனபின், அவள் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு மாமாவின் வைக்கோல் படப்புக்கு எதிரே போய் நின்றாள். என் புத்தகம் எரிந்தது, உம் படப்பு எரியட்டும். குச்சியை எடுத்தும்விட்டாள். படப்பின் ஓரத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி அவளைப் பார்த்து அசை போட்டது. அந்தக் கதையில் பகைக்காரன் கொட்டகைக்குத் தீ வைக்க, கட்டிக்கிடந்த கழுதை கத்திக் கத்திச் சாகும். அந்தப் பக்கத்தை அவளால் மறக்க முடியவில்லை. குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டாள். கோபத்தை மட்டும் போடவில்லை, அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஈரம் காயுமுன் நிலக்கடலை விதைத்தாக வேண்டும். முற்றத்துத் தாழ்வாரத்தில் பெண்கள் கூடி விதைக்கடலை உடைத்தார்கள். அவர்கள் கடலையை வாயில் போட்டுக்கொள்வார்களோ என்று உச்சிமாகாளிக்கு எப்போதும் பயம். அதனால் ஓயாமல் பாடச் சொல்வார். பாட்டு நின்றால், “ஏட்டி, வாயைத் தொறங்க!” என்று அதட்டுவார். அந்த வருஷம் பாட்டுக்காரி இசக்கித்தாய்க்குத் தொண்டை கட்டியிருந்தது. மாமா தவியாய்த் தவித்தார்.

“நான் ஒரு கதை சொல்லுதேன் மாமா” என்றாள் ஆறுமுகத்தாய்.

கடலை மிஞ்சினால் போதும் என்று மாமா தலையாட்டினார். அவள் உப்பளத்துப் பெண்ணின் கதையைத் தொடங்கினாள். பெண்கள் வாயை மறந்தார்கள், கைகள் தானாக ஓடின. கணக்குப் பார்க்க வந்த மாமாவும் சாக்கின்மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

“தோணி கரைக்கு வந்துட்டு. போர்வையால மூடி ஒரு ஆளைத் தூக்கிட்டு வாராங்க. இவ ஓடிப்போயி போர்வையை வெலக்கிப் பாத்தா...”

நிறுத்திவிட்டாள்.

“பாத்தா? அண்ணந்தானா? உசிரு இருக்கா?” இசக்கித்தாய் கட்டிய தொண்டையோடு கத்தினாள்.

“எனக்கு என்ன தெரியும்? மிச்சத்தை மாமா அடுப்புல வச்சிட்டாகளே.”

அத்தனை முகங்களும் உச்சிமாகாளி பக்கம் திரும்பின. செத்திருப்பான், இல்லை பிழைத்திருப்பான் என்று சண்டை தொடங்கியது. கைகள் நின்றன. வாய்கள் மட்டும் சும்மா இல்லை, விதைக்கடலை உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

“ஏட்டி, உடைங்கட்டி! ஈரம் காயுது!”

“முடிவு தெரியாம கை ஓட மாட்டேங்கே அண்ணாச்சி” என்றாள் இசக்கித்தாய்.

ஆறுமுகத்தாய் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்நேரம் பார்த்து மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மாமா கொட்டுகிற மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். மார்த்தாள் வாங்கிவந்ததை எலி கடித்துவிட்டது என்று கூசாமல் பொய் சொல்லி, அதே கதையின் இன்னொரு பிரதியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவளிடமே நீட்டினார்.

அவள் படித்தாள். போர்வைக்குள் இருந்தது அண்ணன்தான். உயிரோடு இருந்தான். கண்ணைத் திறந்ததும் அம்மா எங்கே என்று கேட்டான். உப்பளத்துப் பெண் அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டதும், “நான் வாரதுக்கு நாளாயிட்டே” என்று அழுதான்.

தாழ்வாரத்தில் முதலில் அழுதது உச்சிமாகாளிதான். தங்கை, ஆறுமுகத்தாயின் தாய், சாகக் கிடந்தபோது அவர் குருவிகுளத்தில் மாடு வாங்கப் போயிருந்தார். வந்து சேர்ந்தபோது பாடை கட்டியாகிவிட்டது. அன்று அடக்கிய அழுகை இப்போது கொட்டியது.

“நான் பிந்தி வந்தது இந்தப் புஸ்தகத்துக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?” என்றார்.

அவளுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை. “முடிவு எனக்கு முன்னமே தெரியும் மாமா. உங்களை ஓடவிடணும்னுதான் சொல்லல.”

அவர் கோபப்படவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஓட வேண்டியவன்தான் தாயீ. புள்ளை கையில இருக்க புஸ்தகத்தைப் புடுங்குதவன், அது கண்ணைத் தொடைக்க வந்த கையைத் தட்டிவிடுதான். இது தெரியாம எரிச்சிட்டேன். இனி எந்த வீட்டுலயும் இப்படி நடக்கக் கூடாது.”

“இதை எங்கிட்டச் சொல்லி என்ன மாமா? எலி கடிச்சிட்டுன்னு சொன்னியளே, அங்கன வந்து சொல்லுங்க.”

மறுநாள் பள்ளிக்கூடத்தில், புத்தக அலமாரியின் முன்னே, ஆசிரியைகளும் பிள்ளைகளும் பார்க்க, உச்சிமாகாளி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அத்தனையையும் சொன்னார். குரல் தரையைப் பார்த்தே வந்தது.

மார்த்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் நின்ற ஆறுமுகத்தாய் சொன்னாள்:

“இங்கன நிக்கவங்களுக்குக் கேக்கல மாமா. இன்னொருக்கச் சொல்லுங்க.”