முதலாளி தொப்பையை உள்ளே இழுத்தார்

எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று மாமியாருக்குப் புரியவைக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன். மக்களின் பழக்கவழக்கத்தை ஆராய்ந்து, அதற்குள் ஒளிந்திருக்கும் மனசைக் கண்டுபிடித்து, பொருள் விற்பவர்களுக்குச் சொல்கிறோம் என்றேன். டிவி சத்தத்தைக் குறைக்காமலேயே கேட்டார்.

“ஊர் வம்பு கேக்கறதுக்குச் சம்பளமா? அப்ப எனக்கு எத்தனை வருஷத்து பாக்கி வரணும்!”

எங்கள் இணையதளத்தில் இருப்பதைவிட இது தெளிவாக இருந்தது.

இந்த ஊரில் கிளை திறக்கலாம் என்று தலைமை அலுவலகத்தில் கெஞ்சியது நான்தான். சந்தை, வளர்ச்சி என்று ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டினேன். உண்மைக் காரணம் எந்த ஸ்லைடிலும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு இந்த ஊரில் வேலை. கல்யாணமாகி ஆறு வருஷமாக அவர் ஓர் ஊர், நான் ஓர் ஊர். ரயிலிலேயே குடித்தனம் நடத்தியவர்கள் நாங்கள். முதல் வாடிக்கையாளர் ஒப்பந்தம் போட்டால் கிளை நிற்கும். இல்லாவிட்டால் நான் மறுபடி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை மேலதிகாரி போனில் மிக இனிமையாகச் சொன்னார். ஸ்லைடு இல்லாமல் கொட்டாவிகூட விடமாட்டார் என்பதால் அவருக்கு ஸ்லைடு சார் என்று பெயர்.

முதல் வாடிக்கையாளர், தரை துடைக்கும் மாப் செய்கிற கம்பெனி. எட்டுப் பெண்களை உட்காரவைத்துப் பேசவிட வேண்டும். பக்கத்து அறையிலிருந்து முதலாளி கவனிப்பார். நடுச்சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. முதலாளிக்கு அது ஜன்னல், பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. பேச்சு மைக் வழியாக அங்கே ஸ்பீக்கரில் கேட்கும்.

“வாடிக்கையாளர் ரூம் நகைக்கடை மாதிரி ஜொலிக்கணும். லேடீஸ் ரூம்ல லைட்டு கம்மியா, இதமா இருக்கட்டும். அப்பத்தான் மனசு விட்டுப் பேசுவாங்க” என்று ஸ்லைடு சார் உத்தரவு போட்டார். எலெக்ட்ரீஷியன் அன்று காலையில்தான் வந்து, வாடிக்கையாளர் அறையின் கூரை முழுக்க விளக்காக மாட்டிவிட்டுப் போனார்.

இந்தக் கண்ணாடிக்கு இருப்பது ஒரே குணம். இருட்டில் இருப்பவருக்கு எதிர்ப்பக்கம் தெரியும். வெளிச்சத்தில் இருப்பவருக்குத் தன் மூஞ்சிதான் தெரியும். மனித மனசையே கரைத்துக் குடித்த எங்கள் கம்பெனியில் இது ஒருவருக்கும் உறைக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

முதலாளியும் அவருடைய மருமகனும் அந்த ஜொலிப்பில் போய் உட்கார்ந்தார்கள். நான் கண்ணாடிக்கு முதுகு காட்டி, பெண்களைப் பார்த்து உட்கார்ந்தேன்.

“உங்க வீட்டுல யாரு தரை துடைப்பாங்க?”

“நான்தான்.”

“மாப் வாங்கும்போது என்ன பாப்பீங்க?”

“வெல.”

எட்டுப் பேரும் இதையே சொன்னார்கள். எனக்கு வேர்த்தது. அப்போது அவர்களில் ஒரு ஸ்கூல் டீச்சரின் பார்வை என் தோளைத் தாண்டிப் போயிற்று. தையல்கடை வைத்திருந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஏன், ஆம்பளைங்க துடைக்க மாட்டாங்களா?” என்றேன்.

“அவங்களுக்கு ஏதுங்க நேரம்?” என்றார் டீச்சர். “கண்ணாடி முன்னாடி நின்னு, இருக்கிற நாலு முடிய இப்படிச் சீவி, அப்படிச் சீவி, வழுக்கைய மறைக்கறதுக்கே பொழுது சரியாப் போயிடுது.”

“தொப்பைய உள்ள இழுத்து அழகு பாக்கறத விட்டுட்டீங்களே!” என்றார் தையல்கார அம்மா.

அறையே குலுங்கியது. திரும்பிப் பார்த்தேன். அங்கே முதலாளி தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் வருவது யாரோ புருஷன்மாரைப் பற்றி என்று நம்பித் தலையாட்டிக்கொண்டிருந்தார். சுவரில் ஏன் கண்ணாடி என்று கேட்டால் கௌரவம் போய்விடும் என்று மாமனாரும் கேட்கவில்லை, மருமகனும் கேட்கவில்லை. பெண்களோ அவர்களைப் பக்கத்து ஆபீஸ்காரர்கள் என்று நினைத்திருந்தார்கள்.

நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இவர்கள் இப்போதுதான் வாயைத் திறந்திருந்தார்கள். ‘நான்தான்’, ‘வெல’ என்ற இரண்டு பதிலை வைத்துக்கொண்டு கிளை நடத்த முடியாது. கமுக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, “அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் என்ன, சின்னவரு டீயக் கொட்டிட்டாரு. துணி எடுக்கிறாரா பாருங்க! பேப்பரப் போட்டுக் காலால தேய்க்கிறாரு.”

“ஐயோ, ரூம் பூரா பரப்புறாரே!”

நான் மறுபடி திரும்பிப் பார்த்தேன். டீ என்று ஸ்பீக்கரில் கேட்டதும் முதலாளி தொப்பையை விட்டுவிட்டார். பிறகு மெதுவாக ஒரு கையைத் தூக்கினார்.

“கையத் தூக்குறாரு” என்றார் தையல்கார அம்மா.

முதலாளி கையை இறக்கினார்.

“எறக்கிட்டாரு.”

எங்கள் அறைக் கதவு திறந்தது. காதெல்லாம் சிவந்து முதலாளி நின்றார். என் குடித்தனம் மறுபடி ரயிலேறிவிட்டது என்றே நினைத்தேன். அவரோ எங்கள் மேஜைமேல் மாதிரிக்கு வைத்திருந்த தன் கம்பெனி மாப்பை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று திரும்பிப்போய்த் துடைக்க ஆரம்பித்தார்.

“பிழிஞ்சிட்டுத் துடைங்க!” என்று இங்கிருந்து கூச்சல். “பிடி குட்டை சார், இடுப்பு போயிடும்!”

அவர் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை ஏற இறங்கப் பார்த்தார். கையசைத்து என்னை அந்த அறைக்கு அழைத்தார்.

“இத்தனை வருஷமா விக்கிறேன், இது குட்டைன்னு ஒருத்தன் சொல்லலம்மா. ஒப்பந்தம் போட்டுடுவோம். ஆனா எங்க ஊர்ல வச்சு நடத்தணும். நீங்களே அங்க வந்து இருக்கணும். உங்க சார்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

அவர் ஊர்தான் எங்கள் தலைமை அலுவலகம் இருக்கிற ஊர். ‘சரி சார்’ என்பது ஆறு வருஷப் பழக்கத்தில் நுனிநாக்குவரை வந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“முடியாது சார்.”

“ஏம்மா?”

கௌரவமான காரணம் ஒன்றைத் தேடினேன். அதற்குள் ஸ்பீக்கர் பேசியது.

“பொண்ணு முடியாதுன்னுட்டா போல.”

“வேற ஊருக்குக் கூப்பிடுறாரோ என்னவோ. எப்படிப் போவா? காலைல வீட்டுக்காரர் கொண்டாந்து விட்டப்பப் பாத்தேனே. ரெண்டும் கேட்டுல நின்னு டாட்டா காட்டுதுங்க, காட்டுதுங்க, காட்டிக்கிட்டே இருக்குதுங்க. சேந்து இருந்தவங்க யாராவது அப்படி நிப்பாங்களா?”

முதலாளி என்னைப் பார்த்தார். “அப்படியா?”

“ஆமா சார். ஆறு வருஷம் தனித்தனியா இருந்தோம்.”

அவர் தரையைப் பார்த்தார், மாப்பைப் பார்த்தார். “அப்ப இங்கயே நடத்துங்கம்மா” என்றார்.

“ஒத்துக்கிட்டாரு!” என்றது ஸ்பீக்கர்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை விளக்குக்கும் நடுவில், வாடிக்கையாளர் முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன்.

“அழுவுது பாருங்க, பாவம்” என்றார் டீச்சர்.

“இத நாம பாக்க வேணாம். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க” என்றார் தையல்கார அம்மா.

நாற்காலிகள் இழுபடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.