அறுபதுக்குக் கீழே

செய்தித்தாளை நான்காக மடித்து, ஒரு எண்ணின் மேல் விரலை வைத்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள். ‘அரசுக் கடன் அறுபதுக்குக் கீழே இறங்கியது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நிதித்துறையில் அந்தக் கடன் கணக்கு அட்டவணையைத் தயாரிப்பவன் அவள் தம்பி. வீட்டுக்குள் வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"அறுபதுன்னா என்னடா? கோடியா?"

"இல்லக்கா. நாடு பூரா ஒரு வருஷத்துல சம்பாதிக்கிறத நூறுன்னு வச்சுக்க. அதுக்குக் கடன் எவ்வளவுன்னு பாக்கிறது. அறுபதைத் தாண்டினா கடன் குடுக்கிறவன் மூஞ்சிய சுளிப்பான்."

"அப்ப குறைஞ்சது நல்லதுதானே?"

"நல்லதுதான்." அவன் செருப்பை ஓரமாகத் தள்ளினான்.

அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக நின்ற கால்கள் அவளுடையவை. முட்டி இரண்டும் போய்விட்டன. ஓய்வுப்பணம் வந்ததும் ஆபரேஷன் என்று இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் ரத்து செய்தாயிற்று. பணம் ஒன்பது மாதமாக வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? ஆண்டுக் கடைசியில் அந்த எண் அறுபதைத் தாண்டி முரண்டு பிடித்தது. கூட்டத்தில் எல்லாரும் திருதிருவென்று விழித்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா இந்த மகாபுத்திசாலி? கடன் வாங்கி ஓய்வுப்பணம் கொடுத்தால் கணக்கில் ஏறும், கொடுக்காமல் வைத்திருந்தால் ஏறாது என்றான். பத்திரம் எழுதி வாங்கியது மட்டுமே அந்த அட்டவணையில் கடன். செயலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஓய்வுப்பணக் கோப்புகள் அலமாரிக்குள் போயின. அவற்றில் அக்காவின் கோப்பும் இருந்ததை மறுநாள்தான் பார்த்தான். அவளுடையதை மட்டும் உருவியெடுக்கக் கூசியது. அவளிடம் சொல்ல அதைவிடக் கூசியது. அன்றிலிருந்து வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்கிறது.

"எனக்குத் தரவேண்டியதும் இதுக்குள்ளதானே இருக்கு?" விரல் இன்னும் அந்த எண்ணின் மேல்தான் இருந்தது.

"இல்லக்கா. அது கணக்குல வராது."

"அதெப்படி வராம போகும்? யாருடா சொன்னது?"

தலையை நிமிர்த்த முடியவில்லை. "நான்தான்க்கா. குடுக்காம நிறுத்தி வைக்கலாம்னு நான்தான் சொன்னேன்."

அக்கா அந்த எண்ணிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு மேஜையைப் பிடித்து எழுந்தாள். தாங்கப் போனவனின் கையை விலக்கினாள்.

"என் தம்பி போட்ட கணக்குன்னு எதிர்வீட்டு டீச்சர்கிட்ட காலைலயே சொல்லிட்டேன்டா."

சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி வைத்து நின்று, மறு அடி வைத்து நின்று, அடுப்படிக்குப் போனாள், அவனுக்கு டீ போட.