பிரபஞ்சத்தின் மூச்சு

மார்ச் 9, காலை பத்தரை மணி, இயற்பியல் துறைக் கட்டடம், முதல் மாடிக் கூட்ட அறை. 'பிரபஞ்சத்தின் மூச்சு' என்ற நாற்பது நிமிட இசைப் பதிவு ஐந்து பேர் கொண்ட குழுவுக்குப் போட்டுக் காட்டப்பட்டது.

அறை எண் பதினேழை ஆய்வகமாகவே விடுவதா, இசையை உருவாக்கியவரின் கலை மையத்துக்குக் கொடுப்பதா என்று குழு அன்று முடிவெடுக்க வேண்டும். அந்த அறையில் ஆறு வருடமாக ஒற்றை ஒளித்துகள்களை எண்ணிவந்தவள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

உருவாக்கியவர் அவளுடைய அக்கா கணவர். அழைப்பிதழில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்று போட்டிருக்கும். கடைசியாக ஒரு சமன்பாட்டோடு மல்லுக்கட்டிப் பதினோரு வருடம் ஆகிறது. பிறகு நடனக்காரர்களோடு மேடை, ஓவியர்களோடு மேடை, மைக் இருந்த இடமெல்லாம் மேடை. குவாண்டத்தையும் கலையையும் இணைக்கும் பாலம் என்று ஒரு பத்திரிகை எழுதியதிலிருந்து ஆய்வகத்தில் அவர் பெயர் பாலம். எந்தக் கரையிலும் கால் வைக்காத பாலம் என்பார் லேசர் மெக்கானிக்.

பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை இசை ஏறி இறங்கியது. குழுவிலிருந்த சிற்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு அந்த ஏற்ற இறக்கம் எங்கேயோ பார்த்ததாகப் பட்டது. மடிக்கணினியைத் திறந்து, இசையாக மாற்றுவதற்கென்று அவர் கேட்டு வாங்கிப்போன ஒளித்துகள் எண்ணிக்கைக் கோப்புகளைப் பார்த்தாள். மனிதர் தப்பானதை எடுத்திருக்கிறார்.

இடைவேளையில் காபி மேசையருகே அவரைப் பிடித்தாள்.

"அத்தான், அது லேசர மூடி வச்சு எடுத்தது. வெளிச்சமே இல்லாதப்ப கருவி எவ்வளவு பொய்க் கணக்கு காட்டுதுன்னு பாக்குறதுக்கு. ரூம் சூடானா ஏறும், ஏசி ஓடினா இறங்கும்."

"மெதுவா பேசும்மா."

"கோப்பு பேர்லயே 'மூடியது'ன்னு இருக்கு. படிக்கவே இல்லையா?"

"வெற்றிடத்துலயும் துடிப்பு உண்டு. உனக்குத் தெரியாததா?"

"உண்டு. ஆனா அதுக்குத் தெர்மோஸ்டாட் கிடையாது."

"உங்க அக்காவும் இப்படித்தான். எதையும் ரசிக்க விடமாட்டா."

கூட்டம் மறுபடி தொடங்கியதும் அவள் எழுந்து வரைபடத்தைத் திரையில் போட்டாள். எப்போதெல்லாம் ஏசி ஓடியது என்று கோடு கோடாகக் காட்டினாள்.

குழுத் தலைவி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அப்ப இது இன்னும் அழகா இருக்கே. மனுஷன் செஞ்ச குளிரும் அண்டத்தோட சேர்ந்து மூச்சு விடுது."

பாலம் அதை அவசரமாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அது அவர் சொன்னதாகிவிடும்.

"இதுல அண்டம் எங்கம்மா இருக்கு?" என்றாள் அவள்.

சிற்பி இசையை மறுபடி ஒருமுறை போடச் சொன்னார்.

நான்கு பேர் கலை மையத்துக்கும் ஒருவர் ஆய்வகத்துக்கும் வாக்களித்தார்கள். ஏப்ரல் 6 அன்று அறை ஒப்படைக்கப்பட்டது. லேசர் கிடங்குக்குப் போனது. சோதனை முடிய எட்டு மாதம் மீதமிருந்தது, அது நிறுத்தப்பட்டது.