கட்டுத்தறிச் சங்கிலி

கருப்புசாமியைக் கட்டுத்தறியில் மாட்டோடு மாடாகக் கட்டிப்போட்டு மூன்று வருசம் ஆகிறது. காற்றில் யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று அரிவாளைத் தூக்கினவனை வேறென்ன செய்வது? சங்கிலி கொண்டுவந்தது தாய்மாமன் குப்பண்ணன். மாட்டுச் சங்கிலிதான் என்றார். ஆள் கணுக்காலுக்கு அளவெடுத்த மாதிரி அதில் வளையம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பங்காளி வைத்த செய்வினையை எடுக்கவே ஆத்தாள் மருதாத்தாளுக்கு நேரம் போதவில்லை.

அதற்கிடையில் தங்கச்சி வள்ளியாத்தாளை அந்தத் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தாயிற்று. உரிமையை விட்டுவிடுவார்களா என்ன! இப்போது அவளுக்கு ஐந்து மாசம். அண்ணனை டாக்டரிடம் காட்டியே தீரணும் என்று ஒற்றைக்காலில் நின்று, அண்ணனோடு புருசனையும் இழுத்துக்கொண்டு பாலக்காட்டுக்கு வந்தவள் அவள்தான்.

டாக்டர் துரைசுவாமி கல்பாத்திக்காரர். பேயுமில்லை, செய்வினையுமில்லை, மூளையில் வருகிற சீக்காக்கும், புதுசாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது என்றார். வள்ளிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாடா, யார் செய்த பாவமும் இல்லை!

அப்புறம் அவர் பேனாவை எடுத்து, குடும்பத்தில் முன்னே யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். இல்லைங்க என்றாள் வள்ளி. குப்பண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கய்யனுக்கு இருந்துச்சுங்க,” என்றார் கடைசியில். “கெணத்துல கால் தவறி உழுந்தாருன்னு ஊருக்குச் சொன்னது பொய்யிங்க. கட்டித்தான் வெச்சிருந்தோம். ஒருநா அவுத்துவிட்டோம், அவரே குதிச்சுட்டாரு. அக்காளுக்கும் தெரியும். அந்தச் சங்கிலிதான் இது.”

வள்ளியின் அப்பச்சி, ஆத்தாளைப் பெற்றவர் அவர்.

இது ரத்தவழியாக வருவதுண்டு என்று சொல்லி எழுதிக்கொண்டே டாக்டர், இவள் உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார்.

“அக்கா மவளுங்க. என்ற சம்சாரம்.”

பேனா நின்றது. அவர் வள்ளியின் வயிற்றைப் பார்த்தார். குழந்தைக்கு வரணும்னு கட்டாயமில்லை, பயப்படாதீங்கோ என்றார். வராது என்று மட்டும் சொல்லவில்லை. ஆத்தாள் வழியும் அதே ரத்தம், புருசன் வழியும் அதே ரத்தம். எந்தப் பக்கம் ஓடுவாள் அவள்?

மாத்திரை கேட்டது. ஆறு வாரத்தில் கருப்புசாமி தானே சோறு பிசைந்து தின்றான். குரலெல்லாம் தூரப் போயிருச்சு என்றான். பூசாரி செய்வினையை எடுத்துவிட்டான் என்று மருதாத்தாள் கிடா நேர்ந்துகொண்டாள். செய்வினையாகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா, எடுத்தால் தீர்ந்ததே என்றிருந்தது வள்ளிக்கு.

கிடா நேர்ந்த அன்றைக்கே குப்பண்ணன் சங்கிலியைக் கழற்றினார்.

“அதக் கொண்டுபோய்க் கெணத்துல வீசிப்போடுங்க மாமா,” என்றாள்.

அவர் அதைத் துடைத்தார். வளையத்துக்கு எண்ணெய் தடவி, கட்டுத்தறி விட்டத்தில் மாட்டினார்.

“இருக்கட்டும் புள்ளே,” என்றார், அவள் வயிற்றைப் பார்க்காமல்.