அரை மில்லி

கணபதிப் பகுதியில் சென்னியப்பனுடைய பட்டறையில் மடக்குக் கத்தி செய்கிறார்கள். வயரிங் வேலைக்காரர்கள், தறி மெக்கானிக்குகள், தோட்டத்துக்காரர்கள் என்று நாள் முழுக்கக் கத்தி தேவைப்படுகிறவர்கள் வாங்குவது. பேண்ட் பாக்கெட்டின் விளிம்பில் செருகி வைத்துக்கொள்ள, பிடியின் ஒரு பக்கத்தில் எஃகு கிளிப் ஒன்று இருக்கும். ஏழு வருடமாக அந்தக் கிளிப்பை மாட்டிவந்தவள் சித்திகா.

பார்க்கச் சின்ன வேலைதான். பிடிக்குள் இருக்கும் தகட்டில் மூன்று துளைகளுக்குத் திருகு ஏற மரை போட்டிருக்கும். கிளிப்பை அவற்றின் மேல் பொருத்தி, திருகு கழலாமல் இருக்க நீலப் பசை ஒரு சொட்டு தொட்டு, ஸ்க்ரூடிரைவரால் முடுக்க வேண்டும். குறைவாக முடுக்கினால் ஒரே மாதத்தில் கிளிப் ஆடும். கூடுதலாக முடுக்கினால் மரை அழிந்து தகடே வீண். எங்கே நிறுத்துவது என்பது சித்திகாவின் மணிக்கட்டுக்குத் தெரியும். அவள் மாட்டிய கிளிப் கழன்றதாக ஒரு கத்தியும் திரும்பி வந்ததில்லை. சென்னியப்பன் யாராவது வந்தால், "இவங்க நம்ம கிளிப்பு அம்மணிங்க" என்றுதான் அறிமுகப்படுத்துவார். அவள் தலை நிமிராமல் வேலை செய்வாள். ஆனால் காது அங்கேதான் இருக்கும்.

ஷைமாவை அந்தப் பட்டறைக்குக் கூட்டிவந்ததும் அவள்தான். இருவரும் கரும்புக்கடையில் ஒரே தெரு. ரெடிமேட் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடம் பேண்ட் தைத்துக்கொண்டிருந்த ஷைமாவுக்கு, கம்பெனியை மூடியதும் வேலை போயிற்று. "எங்க ஓனர்கிட்டச் சொல்றேன், நீ வா" என்று சித்திகா சொன்னபோது ஷைமா அழுதேவிட்டாள். அந்த அழுகை சித்திகாவுக்குப் பிடித்திருந்தது.

மூன்று மாதம் கழித்து, போத்தனூரில் கருவிகள் மொத்த வியாபாரம் செய்கிற ரவிதேஜா வந்தார். கையில் மூன்று பழைய பேண்ட். மூன்றிலும் வலது பாக்கெட் விளிம்பு நைந்து நார்நாராகத் தொங்கியது.

"கத்தி நல்லா இருக்குதுங்க. ஆனா பாக்கெட்டக் கிழிச்சுப்போடுதுன்னு ஆளாளுக்குச் சண்டைக்கு வாராங்க" என்றார்.

"துணி மட்டமா இருக்குமுங்க" என்றாள் சித்திகா உடனே.

ஷைமா பேண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு கத்தியை அந்தப் பாக்கெட்டில் செருகி உருவினாள். மறுபடியும் செருகி உருவினாள்.

"துணி நல்ல துணிதானுங்க. கிளிப்பு ரொம்பத் தடிமன். இறுக்கிப் புடிக்குது. அடியில பிடி சொரசொரன்னு இருக்குது. ஒவ்வொரு தடவ உருவறப்பவும் ரெண்டுக்கும் நடுவுல துணி அரைபடுது. கிளிப்ப மெல்லிசாக்கி, வாயக் கொஞ்சம் மேல பாத்து வளச்சு உட்டா வழுக்கிட்டு வந்துருமுங்க."

சென்னியப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க அம்மணி, இத்தன நாளா இதச் சொல்லாம எங்க இருந்தீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். சித்திகாவும் சிரித்தாள். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்பே அவளுக்கு அது தோன்றியிருந்தது. ஒருநாள் அவளுடைய துப்பட்டா கிளிப்பில் மாட்டி வராமல் அடம்பிடித்தபோது, இது இவ்வளவு இறுக்கமாக இருக்கக் கூடாது என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அது தன்னுடையது; இவள் வாயால் வெளியே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஷைமாவை ஆபீஸ் அறைக்கு அடிக்கடி கூப்பிட்டார்கள். முதல் வாரம் நான்கு முறை. அடுத்த வாரம் ஏழு. உள்ளே அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியாகத் தெரியும். ஏழு வருடத்தில் சித்திகா அந்த அறையில் நின்றுதான் பேசியிருக்கிறாள். உட்காரச் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பாள். ஷைமாவிடம் மட்டும் உட்காரச் சொன்னார்களா, இல்லை அவளாகவே உட்கார்ந்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. உக்கடம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்துகொண்டு ஷைமா ஆபீஸில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வாள். சித்திகா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு "ம்" கொட்டுவாள்.

புதுக் கிளிப் வந்தது. பழையது ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், இது ஒரு மில்லி. இருபது கத்தியில் மாட்டி ரவிதேஜாவிடம் காட்ட வேண்டும். "நீங்களே மாட்டுங்க அம்மணி" என்று ஷைமாவிடம் சொல்லிவிட்டார் சென்னியப்பன். சித்திகாவின் மேஜையில், சித்திகாவின் ஸ்க்ரூடிரைவரோடு ஷைமா உட்கார்ந்தாள்.

"ஸ்க்ரூ எந்த டப்பாடி?"

மேஜையில் இரண்டு டப்பா இருந்தன. ஒன்று எப்போதும் போடுகிற திருகு. இன்னொன்று சின்னக் கத்திக்கு வாங்கியது, அரை மில்லி குட்டை. கிளிப் அரை மில்லி மெலிந்தால் பழைய திருகு அந்த அரை மில்லி உள்ளே போகும். தகட்டைத் தாண்டி மூக்கை நீட்டும். மடங்குகிற அலகை உரசும். சித்திகாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, பார்த்ததுமே தெரிந்தது.

"எப்பவும் போடறதுதான்" என்று பழைய டப்பாவைக் காட்டினாள்.

இரண்டாவது கத்தியை முடித்துத் திறந்து மூடிய ஷைமா நெற்றியைச் சுருக்கினாள். "லேசா உரசற மாதிரி இருக்குதே?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும். எண்ணெய் உட்டா சரியாயிரும்."

"சரி" என்றாள் ஷைமா. அவ்வளவுதான். சித்திகா சொன்னால் அதற்கு மேல் அவளுக்குக் கேள்வி கிடையாது.

மறுநாள் ரவிதேஜா வந்து ஐந்து கத்திகளைத் திறந்தார். ஐந்திலும் பளபளத்த அலகின் குறுக்கே மயிரிழை போலக் கீறல். அவற்றை வரிசையாக மேஜையில் வைத்தார்.

சென்னியப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று. குரலை மட்டும் உயர்த்தவில்லை. "ஏனுங்க அம்மணி, தெறந்து பாக்கலீங்களா?"

"பாத்தேனுங்க. உரசுச்சு. எண்ணெயில சரியாயிரும்னு நான்தான் நெனச்சுப்போட்டேனுங்க" என்றாள் ஷைமா. சித்திகா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. "தப்பு என்மேலதானுங்க. ரெண்டு நாள் குடுங்க, புது அலகு போட்டுத் தாரேன்."

சித்திகா சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். ஒரு நொடி வரவும் செய்தது. அடுத்த நொடி ஷைமா நின்ற விதத்தைப் பார்த்தாள். தலை குனியவில்லை. கண் கலங்கவில்லை. மாட்டிவிட ஆள் இருந்தும் மாட்டிவிடவில்லை. தன்னால் இப்படி நிற்க முடியாது என்று சித்திகாவுக்குத் தெரிந்தது. தோற்பதிலும் இவள் தன்னைவிட நன்றாகத் தோற்கிறாளே என்று அதற்கும் பொறாமைப்பட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஷைமா தனியாக உட்கார்ந்து கத்திகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பிறகு எழுந்து வந்து, உள்ளங்கையில் இரண்டு திருகுகளை வைத்து நீட்டினாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை.

"உனக்குத் தெரியுமில்ல?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "தெரியும்" என்றாள் சித்திகா.

"ஏன்டி?"

"மெல்லிசாக்கணும்னு எனக்குத்தான் மொதல்ல தோணுச்சு. மூணு வருசத்துக்கு முன்னாடியே."

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமுல்ல?"

"யாரும் கேக்கல."

ஷைமா திருகுகளை மேஜையில் வைத்தாள். "என்னையும் யாரும் கேக்கல" என்றாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை சித்திகா ஆபீஸ் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள், நின்றுகொண்டே. சென்னியப்பன், "உங்க கை சுத்தமான கைங்க. அத வெச்சு இப்படிச் செஞ்சுபோட்டீங்களே" என்றார். கிளிப் மேஜை ஷைமாவுக்குப் போனது. சித்திகாவைப் பேக்கிங்கில் போட்டார்கள். ஆனால் அந்த இருபது கத்திக்கும் கிளிப்பை அவளே மாட்டித் தர வேண்டும் என்றார் சென்னியப்பன். இரண்டாம் நாள் குட்டைத் திருகு போட்டு மாட்டித் தந்தாள். ரவிதேஜா இருபதையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு நானூறு கத்திக்கு ஆர்டர் கொடுத்தார்.

பஸ்ஸில் ஷைமா முன்னால் போய் உட்கார்ந்தாள். பின்னால் இருந்து அவளுடைய கழுத்தைப் பார்த்தபடி சித்திகா ஒன்றரை மாதம் பயணம் செய்தாள். பட்டறையில் வேலை விஷயம் மட்டும் பேச்சு. அதிலும் "டி" இல்லை.

ஆவணி பிறந்த வாரத்தில் ஒருநாள் ஷைமா பேக்கிங் மேஜைக்கு வந்தாள். "எடது கைக்காரங்க கேக்கறாங்க. கிளிப்பு வலது பக்கமே இருக்குதாம். என்ன பண்ணலாம்?"

சித்திகா அட்டைப்பெட்டியை மூடி டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "ரெண்டு பக்கத் தகட்டுலயும் மரை போட்டுரணும். வேணுங்கற பக்கம் கழட்டி மாட்டிக்கலாம். சும்மா இருக்கற ஓட்டையில அழுக்கு போகாம குட்டி ஸ்க்ரூ போட்டு மூடிரணும்."

ஷைமா தலையாட்டிவிட்டு நேராக ஆபீஸ் அறைக்குப் போனாள். கதவை மூடவில்லை.

"சித்திகா சொன்னதுங்க இது" என்று அவள் தொடங்குவது இங்கே வரை கேட்டது.

சித்திகா டேப்பை இழுத்துப் பெட்டியின் அடுத்த பக்கத்தையும் ஒட்டினாள். இன்னொருத்தியின் பெயரை அவ்வளவு லேசாக ஷைமாவால் சொல்ல முடிகிறது. அதுவும் ஷைமாவுக்குத்தான் வாய்த்திருக்கிறது என்று சித்திகாவுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் உள்ளே என்ன பதில் வருகிறது என்று கேட்க, டேப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.