தலைப்பாதியும் வால்பாதியும்

புத்தகத்தைக் கத்தியால் வெட்டுகிற வீட்டை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அந்த வீட்டில் வெட்டுவார்கள். அக்கா நடுப்பக்கத்தைப் பிரித்து, புத்தகத்தின் முதுகை முன்னும் பின்னும் மடக்கி, காய் நறுக்குகிற கத்தியால் ஒரே இழுப்பு இழுப்பாள். புத்தகம் இரண்டாகிவிடும். முன்பாதிக்குத் தலை என்று பெயர், பின்பாதிக்கு வால். "புஸ்தகத்தை வெட்டுற பொண்ணுங்களை நான் எங்கயும் கண்டதில்லை" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். என்ன செய்வது? புத்தகம் ஒன்று, படிக்கிறவர்கள் இரண்டு பேர், பொறுமை இருவருக்குமே கிடையாது. அக்கா பாதிவரை படித்ததும் வெட்டி, தலையைத் தங்கையிடம் தூக்கிப் போட்டுவிட்டு, வாலோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

கதையைச் சொல்லக்கூடாது என்பது சட்டம். ஒன்றே ஒன்று கேட்கலாம். அக்கா வாலை முடித்துவிட்டு நிமிரும்போது தங்கை கேட்பாள்: "அழுவேனா?"

"அழுவே" என்பாள் அக்கா. இல்லையென்றால் "அழமாட்டே" என்பாள். அந்தத் தீர்ப்பு ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அழுவே என்று சொல்லிவிட்டால் தங்கை கைக்குட்டையும் கையுமாகத்தான் உட்காருவாள். அக்கா பக்கத்துக் கட்டிலில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். "வந்துடுச்சா? அந்த இடம் வந்துடுச்சா?" என்று நச்சரிப்பாள்.

தங்கைக்குப் பதினைந்து வயது. வீட்டில் அவள் பெயர் கொசு. படித்த கதையைக் காதோரம் வந்து நொய் நொய் என்று பேசிக்கொண்டே இருப்பதால் அக்கா வைத்த பெயர் அது.

அக்கா கல்யாணமாகி, அரைநாள் பஸ் பயணத்தில் இருக்கிற ஊருக்குப் போய்விட்டாள். கட்டில் மட்டும் இருந்தது. அதன்மேல் அம்மா துவைத்து மடித்த துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு கொசு புத்தகங்களை முழுசாகப் படித்தாள். முழுப் புத்தகமும் நம் கையிலேயே இருந்தால் ராஜபோகம் என்று ஒருகாலத்தில் நினைத்தவள்தான். ஒரு போகமும் இல்லை. சிரிப்பு வந்தால் பழக்கதோஷத்தில் நிமிர்வாள், எதிரே துணி அடுக்கு. ஒரு கதையில் ஒருத்தன் தன்னை நம்பி வந்தவளைக் கடைத்தெருவில் காக்கவைத்துவிட்டு வராமலே இருந்துவிட்டான். "நீயெல்லாம் உருப்படுவியா?" என்று வாய்விட்டே திட்டினாள். "போன்ல யாரு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். பள்ளியில் பக்கத்தில் உட்காருகிறவளிடம் அந்தக் கதையைச் சொல்லிப் பார்த்தாள். அவள் நல்ல பெண்தான், பொறுமையாகத்தான் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "இது பரீட்சைக்கு வருமா?" என்றாள். அதோடு கொசு வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு, கோபம், அழுகை எல்லாம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்து புளித்தன.

அப்பாவுக்கு பஸ் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் வேலை. ஒருநாள் அங்கே இருக்கிற பழைய புத்தகக் கடையிலிருந்து தடியான நாவல் ஒன்றை வாங்கி வந்தார். மலைமேல் ஒரு சின்ன ரயில் நிலையம், அங்கே தன்னந்தனியாக ஒரு சிக்னல்காரர், அவர் எடுத்து வளர்க்கிற ஒற்றைக்கண் நாய். அவ்வளவுதான் கதை. அந்த நாய் சிக்னல்காரரின் செருப்பைக் கவ்விக்கொண்டு சரக்கு ரயிலோடு போட்டி போட்டு ஓடுகிற இடத்தில் கொசு வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். துணி. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பாதிவரை படித்துவிட்டு எழுந்துபோய்க் கத்தியை எடுத்து வந்தாள்.

இந்த முறை முந்திக்கொண்டவள் அவள். தலையை அக்காவுக்கு அனுப்பப்போகிறவள் அவள், தீர்ப்புச் சொல்லப்போகிறவளும் அவள்தான். நினைக்க நினைக்கத் தலைகால் புரியவில்லை. நாய் காணாமல்போன மழைநாளில் தலை முடிந்தது. சிக்னல்காரர் தேடிக்கொண்டு போகிறார். விளக்கை உயர்த்திப் பிடிக்கிறார். "தண்டவாளத்துக்கு நடுவே" என்று ஒரு வரி ஆரம்பிக்கிறது, அதோடு பக்கம் தீர்ந்துவிடுகிறது. மீதி வரி வாலில் இருந்தது. பார்க்கக் கை பரபரத்தாலும் பார்க்கவில்லை. அக்கா கைக்குத் தலை போய்ச் சேரட்டும், ரெண்டு பேரும் ஒன்றாகவே ஆரம்பிக்கலாம் என்று அடக்கிக்கொண்டாள்.

பக்கங்கள் உதிராமல் இருக்க இரண்டு பாதிக்கும் பிரவுன் அட்டை போட்டு மேஜைமேல் வைத்தாள். "பிரவுன் அட்டை போட்டதை அக்காவுக்கு அனுப்பிடுங்கப்பா" என்று கத்திவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள். எந்த அட்டை என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மேலே இருந்ததை எடுத்துப்போய், தன் கையாலேயே கயிறு கட்டி, முடிச்சுப் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சாயங்காலம் ஓடிவந்து கொசு மீதியைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் சிக்னல்காரர் இன்னும் அந்த நாயைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் இருந்தது தலை. போனது வால்.

அப்பா நெற்றியில் தட்டிக்கொண்டார். "டிரைவர்கிட்ட சொல்லித் திருப்பி வாங்கிடுறேன்மா."

"வேணாம்ப்பா. அக்காவே கூப்பிடுவா."

நிஜத்தைச் சொன்னால் அவளுக்கு உள்ளூரக் குஷிதான். வரியின் பாதியிலிருந்து ஆரம்பிக்கிற புத்தகத்தைப் பிரித்தால் அக்கா சும்மா இருப்பாளா? "ஏண்டி கொசு, மண்டையில எதாவது இருக்கா உனக்கு?" என்று ஒரு பிடி பிடிப்பாள். அந்தத் திட்டுக்காகக் கொசு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். திட்டினால் அக்கா பிரித்துப் படித்தாள் என்று அர்த்தம். எங்கே இருந்தாலும் இரண்டு பேருக்கும் இன்னும் ஒரே புத்தகம்தான் என்று அர்த்தம். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

போன் வராமல் இல்லை. அம்மாவுக்கு வந்தது, அப்பாவுக்கு வந்தது. "கொசு என்ன பண்றா?" என்று கேட்பாள். பதில் சொல்வதற்குள் அங்கே யாராவது கூப்பிடுவார்கள். "தோ வரேன்" என்று வைத்துவிடுவாள். புத்தகத்தைப் பற்றிப் பேச்சு மூச்சு இல்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொசுவே போன் செய்தாள். அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தமும் குழாய்த் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன.

"அக்கா, பார்சல் வந்துச்சா?"

"ஓ, அப்பவே வந்துடுச்சே."

"படிச்சியா?"

குழாய் நின்றது. "படிக்காம இருப்பேனா? ஆரம்பமே அமர்க்களம்டி. ரசிச்சு ரசிச்சு மெதுவா படிச்சிட்டு வரேன்."

அந்த ஆரம்பம் கொசுவின் மடியில்தான் கிடந்தது.

அக்காமேல் உங்களுக்குக் கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் பகலெல்லாம் ஒரு துணிக்கடையில் நின்று, வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று, உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறவள் அவள். கயிற்றை அவிழ்க்கக்கூட முடியவில்லை என்று தங்கையிடம் சொல்ல மனசு வராமல்தான் அப்படிச் சொன்னாள். கொசுவுக்கு அந்த நேரத்தில் இதெல்லாம் தோன்றவில்லை. இனி நான் மட்டும்தான் என்று நினைத்தாள்.

ஆனாலும் மனசு கேட்காமல் இன்னொரு தடவை முயற்சி செய்தாள். "நாயைப் பிடிச்சுதாக்கா?"

"நாயா?" என்றாள் அக்கா. பிறகு அவசரமாக, "ம், பிடிச்சுது. பாவம்ல அது?" என்றாள்.

"ஆமாக்கா. பாவம்."

மாத்தி அனுப்பிட்டோம்க்கா, உன்கிட்ட இருக்கிறது வால் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அக்கா வாயடைத்துப்போவாள். அந்த மௌனத்தைக் கேட்கக் கொசுவுக்குத் தைரியம் இல்லை.

"நீ வாலை முடிச்சிட்டியா?" என்று கேட்டாள் அக்கா. கட்டிலில் கன்னத்தில் கைவைத்துக் கேட்கிற அந்தப் பழைய குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. "சொல்லுடி. அழுவேனா?"

என்னவென்று சொல்வாள்? வால் அந்த வீட்டில் எந்த அலமாரிமேலோ அப்பா போட்ட முடிச்சோடு கிடக்கிறது. தண்டவாளத்துக்கு நடுவே என்ன கிடந்தது என்று அவளுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அழுவே என்று சொன்னால், ஏற்கெனவே களைத்துக் கிடக்கிறவள் அதைத் தொடவே மாட்டாள்.

"அழமாட்டேக்கா" என்றாள். அவளுடைய கண்ணீர் வழிந்து போனை நனைத்தது.

"அப்பாடா. அப்போ தைரியமா படிக்கலாம். தோ வரேன்னு சொல்லுங்க... கொசு, வைக்கட்டுமா?"

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "அக்காகிட்ட பேசினியாமே? நல்லா திட்டினாளா?"

"ம். திட்டினா."

"அந்த டிரைவர் நாளைக்குப் போறார். வாலை வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

"வேணாம்ப்பா. படிச்சிட்டிருக்கிறவகிட்ட போய்ப் பாதியில பிடுங்குறதா?"

"அப்போ நீ? நாயைக் காணோம்னு சொன்னியே, கிடைச்சுதா இல்லையான்னு உனக்குத் தெரிய வேணாமா?"

கொசு அக்காவின் கட்டிலில் இருந்த துணிகளை ஓரமாக நகர்த்தி, தலைப்பாதியை அங்கே வைத்தாள்.

"கிடைச்சிடுச்சுப்பா" என்றாள். "அக்கா சொன்னா."