ஏரியலுக்கு ஓர் இடம்

நாகலக்ஷ்மி கார் ஓட்டுகிறாள் என்பதே வங்காளத் தலைநகரில் லேக் ரோடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வெகுநாள் பேச்சாக இருந்தது. அவள் அண்ணா மஹாதேவன் ரங்கூனுக்கு மாற்றலாகிப் போனபோது, துணிக்கூரை போட்ட தன் பழைய ஆஸ்டின் வண்டியை அவளுக்கே கொடுத்துவிட்டு, ஓட்டவும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அவள் கணவர் பட்டாபிராமனுக்கு அந்த வித்தை வரவில்லை. எதிரே ஒரு ரிக்ஷா வந்தாலே கண்ணை மூடிக்கொள்வார். அதனால் ஸ்டீயரிங் அவளுக்கு, பக்கத்து ஸீட் அவருக்கு என்று ஆகிப்போயிற்று.

பட்டாபிராமன் கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் ஹெட் அசிஸ்டெண்ட். முப்பத்தேழாம் வருஷம், பூஜை லீவுக்குக் கொஞ்சம் முன்னால், காரில் வைப்பதற்கென்றே செய்த ரேடியோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில்கூட ரேடியோ இல்லாதவர்கள் ஏராளமாக இருந்த காலம். நாகலக்ஷ்மிக்கு உள்ளூரச் சந்தோஷந்தான். சாயங்காலம் ஏரிப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கலாம் என்று நினைத்தாள்.

பவானிப்பூரிலிருந்து மெக்கானிக் ஹரிபத மிஸ்திரி சனிக்கிழமை வந்தான். ரேடியோவை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பொருத்தி முடித்துவிட்டு, ஒலியைப் பிடிக்கிற ஏரியல் கம்பியை எங்கே வைப்பது என்று கேட்டான். மூன்று இடம் உண்டாம். துணிக்கூரைக்குள் கம்பியை ஓட்டலாம். ஆனால் கூரையை மடித்து மடித்துக் கம்பி அறுந்துபோகும். கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் பலகைக்கு அடியில் ஒளித்து வைக்கலாம். மழைக்காலத்துத் தெருத் தண்ணீரும் சேறும் படும். இல்லாவிட்டால் முன்னால் எங்காவது துளை போட்டு ஒரு கம்பத்தை நட்டுவிடலாம்.

"அடியிலேயே இருக்கட்டுமே. வண்டியை ஏன் துளைக்கணும்?" என்றாள் நாகலக்ஷ்மி.

"நன்னா இருக்கு! காசைக் கொட்டி வாங்கினது ஒருத்தர் கண்லயும் படாம இருக்கணுமா?" என்றார் பட்டாபிராமன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளைக்கு எங்க ஆபீஸ் துரை வரார். அவரே பார்த்து ஒரு இடம் சொல்லட்டும்" என்றார்.

"நம்ம வண்டிக்கு அவர் எதுக்குன்னா இடம் சொல்லணும்?"

"உனக்கு ஆபீஸ் விஷயம் புரியாது. கேட்டுண்டு செஞ்சா சந்தோஷப்படுவார்."

அந்த ரேடியோவே எதற்காக வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மறுநாள் மத்தியானம் ஹார்டன் துரை வந்தார். சிவந்த முகம், பருத்த கழுத்து, வாயில் பைப். நாகலக்ஷ்மி வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்தவர், பேசிக்கொண்டே பைப்பைத் தட்டி, மிச்சக் காபியிலேயே சாம்பலைப் போட்டார். அது அவளுக்குக் கல்யாணத்தில் வந்த டம்ளர். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் துரை காரைச் சுற்றி வந்தார். இஞ்சின் மூடியின் நட்டநடுவில் பேனாக்கத்தியால் வர்ணத்தைக் கீறி ஒரு குறி போட்டு, இங்கே வைக்கலாம் என்றார். மூடியைத் திறக்கும்போது கம்பம் இடிக்குமே என்று ஹரிபத தயங்கினான். பட்டாபிராமன் அவன்மேல் எரிந்து விழுந்தார். துரை அதைப் பெரிதுபடுத்தாமல், எந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறதோ அங்கே வைத்தால் போயிற்று, ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். ஹரிபத ரேடியோவிலிருந்து நீளமாக ஒரு கம்பியை இழுத்து, அதன் முனையில் ஒரு பித்தளைக் குச்சியைக் கட்டிக் கொடுத்தான். ஆனால் ஓடுகிற வண்டியில் அதை யார் பிடித்துக்கொள்வது?

"பட்டாபி பிடிப்பான்" என்றார் துரை.

அவள் மறுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் பட்டாபிராமன் கோட்டும் தலைப்பாகையுமாக ஏறும் பலகையில் தொற்றிக்கொண்டு, குச்சியை உயர்த்திப் பிடித்துவிட்டார். துரை அவருடைய ஸீட்டில் உட்கார்ந்தார். நாகலக்ஷ்மி பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

டாக்குரியா ஏரியைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கடலை விற்கிறவர்கள், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்த வங்காளிக் குடும்பங்கள், கல்லூரி மாணவர்கள். ரேடியோ கரகரத்தது. இன்னும் உயரத்தில் பிடிக்கச் சொன்னார் துரை. பட்டாபிராமன் எக்கினார். பின்னால் போகச் சொன்னார். பின் பம்பரில் நின்றார். முன்னால் வரச் சொன்னார். வண்டியை நிறுத்தி, அவர் முன்சக்கரத்து மட்கார்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் விளக்கைக் கட்டிக்கொண்டு மறு கையால் குச்சியைத் தூக்கினார். அப்போது பாண்டு வாத்தியம் கணீரென்று கேட்டது.

துரை தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "முதல் தரமான கம்பம் நீ! ஓட்டு, ஓட்டு" என்று அவளை விரட்டினார்.

வண்டி குலுங்கக் குலுங்கத் தலைப்பாகை அவிழ்ந்து பட்டாபிராமனின் தோளில் சரிந்தது. கை ஓயவில்லை. மாணவர்கள் கூடவே ஓடிவந்து கைதட்டினார்கள். கரையோரம் கணவரோடு வந்துகொண்டிருந்த எதிர்வீட்டு ராஜலக்ஷ்மி இதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் பட்டாபிராமன் திரும்பித் திரும்பித் துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் தேறிவிட்டோமா என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அவர் முகத்தில் நாகலக்ஷ்மி வெட்கத்தைத் தேடினாள். துளிக்கூட இல்லை. சந்தோஷமாக இருந்தார்.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். இஞ்சினும் அடங்கிற்று, பாண்டும் அடங்கிற்று.

"எறங்குங்கோ" என்றாள்.

"என்னடீ? வண்டியை எடு. துரை கேட்டுண்டிருக்கார்."

"எறங்குங்கோன்னா. எல்லாரும் பார்க்கறா."

"பார்க்கட்டுமே! விளையாட்டுக்குத்தானே? எடு நாகு." குச்சி இன்னும் மேலேயே இருந்தது.

துரை புருவத்தை உயர்த்தினார். பட்டாபிராமன் உடனே இங்கிலீஷில், என் மனைவிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, மன்னிக்க வேண்டும் என்று குழைந்தார். அவள் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, துரையிடம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "வண்டி என்னுடையது. இனி ஓடாது" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். பின்னால் பட்டாபிராமன் கூப்பிடுவது கேட்டது. மட்கார்டிலிருந்து இறங்காமலேதான் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். அப்புறம் அதைக் கொல்லையில் பாத்திரம் தேய்க்கிறவளிடம் கொடுத்து, நீயே எடுத்துக்கொண்டு போ என்றாள்.

விளக்கேற்றும் நேரத்துக்குப் பட்டாபிராமன் துரை பிடித்த டாக்ஸியில் வந்து இறங்கினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ கோட்டைக் கழற்றிக்கொண்டே உற்சாகமாகப் பேசினார்.

"துரை கோவிச்சுக்கவே இல்லை, தெரியுமோ! வழி பூரா சிரிச்சுண்டே வந்தார். அவர் செக்ஷனுக்கே என்னை எடுத்துக்கறாராம். தனி ரூம்!"

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"இனிமே பட்டாபின்னு கூப்பிட மாட்டாராம். போல்னு பேர் வெச்சுட்டார். போல்னா கம்பம். செல்லமா."

"சந்தோஷமா இருக்கா உங்களுக்கு?"

"பின்னே? ஆபீஸ்ல யாருக்கு அவர் பேர் வெச்சிருக்கார்?"

அவருக்கு இலை போட்டுவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள். அவர் சாப்பிடும் சத்தத்தைக் கேட்கக்கூட அன்று அவளால் முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஹரிபதவை அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். வண்டி விட்ட இடத்திலேயே இருந்தது. வங்காளி வழக்கப்படி பட்டாபிராமனைப் பாபு என்று குறிப்பிட்டு, அவர் எந்த இடம் சொன்னார் என்று கேட்டான் மிஸ்திரி. "பாபுவைக் கேட்க வேண்டாம். பலகைக்கு அடியில் வை" என்றாள். சேறு படாமல் ஒரு தகரத்தை வளைத்துக் கீழே கொடுத்தான். துளை எதுவும் போடவில்லை. துரை கீறிய குறியின்மேல் கறுப்புப் பெயிண்டு பூசினான். உற்றுப் பார்த்தால் தெரியத்தான் செய்தது.

பட்டாபிராமனுக்கு அது தெரியவே சில நாள் ஆயிற்று. "ஏரியல் எங்கே?" என்றார்.

"அடியில."

"அடியிலயா? துரை கேட்டா என்ன சொல்றது?"

"கேட்டா நீங்க கையைத் தூக்கிக் காட்டுங்கோ."

அவர் முகம் சுருங்கிற்று. ஆனால் ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. அவருக்கு எல்லாமே சீக்கிரம் சரியாகிவிடும்.

தீபாவளிக்கு ராஜலக்ஷ்மியின் தங்கை வீட்டில், பாலிகஞ்சில், பத்துப் பேர் கூடியிருந்தார்கள். பலகாரத் தட்டு சுற்றி வந்தது. யாரோ புது உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டார்கள். பட்டாபிராமன் நாற்காலியை விட்டு எழுந்தார். "அதை ஏன் கேக்கறேள்! ஏரிக்கரையில அன்னிக்கு..." என்று ஆரம்பித்து, ஒரு கையால் இல்லாத விளக்கைக் கட்டிக்கொண்டு மறு கையைத் தலைக்குமேல் தூக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்தான் உரக்கச் சிரித்தார்.

நாகலக்ஷ்மி தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே ராஜலக்ஷ்மி ஓடிவந்தாள்.

"என்ன மாமி, கிளம்பிட்டேள்? மாமா இன்னும் உள்ள பேசிண்டிருக்காரே!"

"பேசி முடிச்சுட்டு வரட்டும். டிராம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.